புளியம்பொந்து டாரன்டுலா: வளர்க்க ஆசைப்படுபவருக்குச் சில குறிப்புகள்

நீல நிறத்தில் மினுங்கும் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்ப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்கப்பா" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது பாலக்கோட்டிலும் அரூரிலும்கூட இருக்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் மரத்தில் வாழும் டாரன்டுலாவை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. உலகம் முழுக்க வளர்ப்பவர்கள் தேடி அலையும் இனத்தின் சொந்த ஊரே நம் பக்கத்து மலைகள்தான் என்பதால், தர்மபுரிக்காரர்களுக்கு இதில் பொறுப்பும் கூடுதல்.

1. முதலில், வீட்டில் பார்த்தது டாரன்டுலாதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குளியலறைச் சுவரிலும் அலமாரிக்குப் பின்னாலும் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி, தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வேட்டைச் சிலந்தி. அது பக்கவாட்டில் விருட்டென்று ஓடும். பெண்ணாக இருந்தால் வட்டமான வெள்ளை முட்டைப்பையை வயிற்றுக்கடியில் சுமந்து திரியும். கரப்பான்களைத் தின்று தீர்ப்பதே அதன் வேலை; அடிக்காமல் விட்டுவிடுங்கள். டாரன்டுலாவுக்கு உடலும் காலும் பருமன், மேலெல்லாம் ரோமம். அதன் இரண்டு நச்சுப்பற்களும் இணையாக நின்று மேலிருந்து கீழே குத்தும். வேட்டைச் சிலந்திக்கு அவை இடமும் வலமுமாக எதிரெதிரே சேரும்.

2. நம் பகுதியின் சிலந்தியைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ரெஜினால்ட் இன்னஸ் போகாக் 1899-ல் தென்னிந்திய மரச்சிலந்திகள் பலவற்றை முதன்முதலாக விவரித்தார். எல்லாம் பொசிலோதீரியா என்ற ஒரே பேரினம். அரக்கோணத்தில் கிடைத்தது ரெகாலிஸ். ஆந்திராவின் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது மெட்டாலிகா; வீடியோக்களில் வரும் நீலச் சிலந்தி இதுதான். சேலம் காடையாம்பட்டிப் பக்கம் கிடைத்தது ஃபார்மோசா. தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் காடையாம்பட்டி. அன்றைக்கு தர்மபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது; தனி மாவட்டமானது 1965-ல். ஆங்கிலத்தில் இன்றும் ஃபார்மோசாவைச் சேலத்தின் பெயர் சேர்த்தே அழைக்கிறார்கள்.

ஃபார்மோசாவுக்குச் சாம்பலும் பழுப்பும் வெண்மையும் கலந்து, மரப்பட்டையோடு பட்டையாக மறையும் நிறம். முன்கால்களின் அடிப்பக்கம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். மிரட்ட நினைத்தால் காலைத் தூக்கி அந்த மஞ்சளைக் காட்டும். கால் பரப்பு ஒரு சாண் வரை வரும். ரெகாலிஸுக்கு வயிற்றின் அடியில் குறுக்காக ஒரு வெளிர் பட்டை உண்டு. மற்றவற்றிலிருந்து பிரித்தறிய அதுதான் எளிய அடையாளம். ஆனால் அதைப் பார்க்கிறேன் என்று யாரும் சிலந்தியைப் புரட்டிப் பார்க்க வேண்டாம்.

நீல மெட்டாலிகாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1899-க்குப் பிறகு 2001-ல்தான் அது மறுபடி கண்ணில் பட்டது. அதுவும் குத்தியில் இல்லை. நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில். குத்திக்கு அது ரயிலில் வந்த மரக்கட்டையோடு வந்திருக்க வேண்டும். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இருக்கிறது. நம் ஃபார்மோசாவும் அருகிவரும் இனம்தான்.

3. மரத்திலிருந்து பிடித்து வளர்க்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஒரு பெண் சிலந்தி பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது; ஒரே பொந்தில் தாயும் குஞ்சுகளும் சேர்ந்து குடியிருக்கும். ஒரு மரத்துப் பெண்ணை எடுத்துவிட்டால் அந்த மரத்தின் அடுத்த தலைமுறையே போய்விடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-ல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், சைட்டிஸ் உயிர்களுக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய் எதை எடுத்தாலும் தனி வழக்கு.

4. தபாலில் வரும் சிலந்தியை வாங்காதீர்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னை வந்த ஒரு பார்சலைச் சுங்கத்துறையினர் பிரித்தபோது, வெள்ளித்தாளிலும் பஞ்சிலும் சுற்றிய 107 சிறு குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உயிருள்ள சிலந்தி. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்கள் என்று அடையாளம் கண்டார்கள். பார்சல் அருப்புக்கோட்டை முகவரிக்குப் போக வேண்டியது. உரிய உரிமமோ, நோயில்லை என்ற சான்றோ இல்லாததால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப அஞ்சல் துறையிடம் ஒப்படைத்தார்கள். இன்ஸ்டாகிராமில் "கூரியரில் பத்திரமாக வரும்" என்று விற்பவர்கள் இந்தத் தாள்களைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தாள் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

5. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நம்மூர் மரச்சிலந்தி முதன்முதலில் வளர்ப்பவருக்கு ஏற்றதல்ல. காரணம் இரண்டு. ஒன்று வேகம்: மூடியைத் திறந்த கை மூடுவதற்குள் தோள்வரை ஏறிவிடும். மற்றது நஞ்சு. அமெரிக்க டாரன்டுலாக்களில் பல, மிரண்டால் வயிற்றின் ரோமத்தைத் தேய்த்து உதறும். பட்ட இடம் அரிக்கும், அவ்வளவுதான். நம் இனத்துக்கு அந்த அரிப்பு ரோமம் கிடையாது. அதனால் ஓடும், ஓட வழியில்லை என்றால் கடிக்கும். கடித்தால் என்ன ஆகும் என்பது 15-ஆம் குறிப்பில் இருக்கிறது.

6. ஆகவே உங்கள் முதல் மரச்சிலந்தியாக, மரத்திலேயே இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பொந்தைத் தேர்ந்து, ஒரு வருடம் விடாமல் பாருங்கள். பெட்டியில் வைத்திருப்பவர் காண முடியாததையெல்லாம் காண்பீர்கள்.

எந்த மரம்? வயதான, பொந்து விழுந்த மரம். புளி முதலில் வரும். தோப்புப் புளி, வரப்புப் புளி, கோயில் புளி எதுவானாலும் சரி. வத்தல்மலை, சித்தேரி, பிக்கிலி பக்கத்து ஊர்களில் மா, பலா, வேம்பு, ஈட்டி போன்ற மரங்களையும் பாருங்கள். பட்டை எழும்பி நிற்கும் இடம், கிளை முறிந்து உள்ளே உளுத்த ஓட்டை, மின்னல் பிளந்த இடுக்கு ஆகியவைதான் அதன் வீடு. பகலில் பொந்தின் வாயைக் கவனியுங்கள். ஓரத்தில் மெல்லிய வெண்பட்டு விரித்திருக்கும். அதில் மண்துகளும் பட்டைத்தூளும் ஒட்டியிருக்கும். நேர் கீழே, மரத்தூரில், வண்டுகளின் கெட்டி இறக்கைகள், பாச்சையின் கால்கள், சில சமயம் விட்டிலின் சிறகு என்று சாப்பிட்ட மிச்சம் கிடக்கும். பொந்து காலியா, குடியிருக்கிறதா என்று அந்த மிச்சமே சொல்லிவிடும். பட்டு பழசாகிக் கிழிந்து, மேலே தூசு படிந்திருந்தால் குடிபோய்விட்டது.

இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போனால் முதலில் தெரிவது நான்கு கால் நுனிகள் மட்டும்தான். பொந்தின் விளிம்பில் பட்டு மேல் லேசாக வைத்திருக்கும். உங்கள் காலடி அதிர்வு மரத்துக்குப் போனால் அவை உள்ளே போய்விடும். அசையாமல் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக உடலும் வெளியே வரும். தலை கீழாகத் தொங்கிக்கொண்டு, முன்கால்களை விரித்து, எதிரில் விட்டில் வந்து உட்காரும்வரை காத்திருக்கும். வலை வீசிப் பிடிப்பதில்லை. பாய்ந்து பிடித்து அப்படியே பின்வாங்கிப் பொந்துக்குள் போய்விடும். அடுத்த நாள் காலை மரத்தூரில் புது இறக்கை கிடக்கும்.

7. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடும் சிலந்தி, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அவ்வளவாகக் கலங்காது. போகும் வழியில், வெள்ளை வெளிச்சத்தில், தரையில் புல்லுக்கிடையே பச்சையும் நீலமுமாகக் கண் மினுங்கினால் அது ஓநாய்ச் சிலந்தி. நீங்கள் தேடுவது அதுவல்ல.

8. குச்சி விடாதீர்கள், புகை போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பொந்துக்குள் கை விடவே விடாதீர்கள். அங்கே பாம்பும் குடியிருக்கலாம், தேளும் இருக்கலாம். பிள்ளைகள் கைக்கெட்டாத தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். தனியே அனுப்பாதீர்கள், காலில் ஷூவும் கையில் இன்னொரு டார்ச்சும் இருக்கட்டும். தை, மாசி தொடங்கிப் புளி உலுக்கும் காலத்தில் மரமேறுபவர்களிடம் பொந்து இருக்கும் கிளையை முன்கூட்டியே காட்டிச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

9. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் சித்தப்பா பிள்ளையோ அத்தை மகளோ "நான் கடையில் முறையாக வாங்கலாமே" என்று கேட்டால், அவர்களுக்கு என் யோசனை வேறு. பண்ணையில் பிறந்த சிலந்தியை, அந்த நாட்டுச் சட்டப்படி, ரசீதோடு வாங்கட்டும். எந்த இனம் என்பதுதான் கேள்வி.

முதல் மரச்சிலந்திக்கு நான் சொல்வது தென்னமெரிக்காவின் அவிகுலேரியா அவிகுலேரியா. கருத்த உடல், கால் நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பு. அமைதியானது, கடிப்பது அரிது. தொந்தரவு செய்தால் தாவும், இல்லையென்றால் எச்சத்தைப் பீய்ச்சும். கரீபியனின் மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த கரிபெனா வெர்சிகலரின் குஞ்சு நீலமாக இருந்து, வளர வளரப் பச்சையும் சிவப்புமாக மாறும். அழகில் இதற்கு ஈடில்லை. ஆனால் குஞ்சுப் பருவத்தில் காற்றோட்டம் குறைந்தால் திடீரென்று செத்துவிடும். இவை இரண்டிலும் தொடக்கக்காரர்கள் செய்யும் பெரும் தவறு ஒன்றுதான்: மழைக்காட்டு உயிர் என்று நினைத்துப் பெட்டியை நீரால் நனைத்து மூடிவைப்பது. தேங்கிய ஈரம் இவற்றைக் கொல்லும். டிரினிடாட்டின் சல்மோபியஸ் கேம்பிரிட்ஜெயி என்பது தாக்குப்பிடிக்கும் இனம், பசியும் நன்றாக எடுக்கும்; ஆனால் வேகக்காரி. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். ரெகாலிஸும் மெட்டாலிகாவும் அங்கே பண்ணைக் குஞ்சாகக் கிடைக்கும். சில ஆண்டு கை பழகிய பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

10. வாங்கும்போது கேட்க வேண்டியவை: பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? கடைசியாக எப்போது சட்டை உரித்தது? எப்போது தின்றது? ஆணா பெண்ணா? முதிர்ந்த ஆணை வளர்ந்த சிலந்தி என்று விற்றுவிடுவார்கள். துணை தேடி அலைந்து சில மாதங்களில் இறந்துபோவது அதன் இயல்பு. கடுகளவு குஞ்சையும் வாங்க வேண்டாம். கால் பரப்பு நாலைந்து சென்டிமீட்டர் வந்த இளசுதான் புதியவர் கைக்கு ஏற்றது. வயிறு சுருங்கி, கால்களை உடலுக்கடியில் மடக்கி வைத்திருக்கும் சிலந்தி சாகப்போகிறது. விலை குறைத்தாலும் வேண்டாம்.

11. பெட்டி அகலத்தைவிட உயரம் கூடியதாக இருக்க வேண்டும். வளர்ந்ததற்கு 20 செ.மீ. சதுரமான அடிப்பரப்பும் 30 செ.மீ. உயரமும் போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத்துளை. மேலே மட்டும் துளை இருந்தால் காற்று ஓடாது. அடியில் தென்னை நார்க்கழிவு, நடுவில் செங்குத்தாக ஒரு மரப்பட்டை, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம். கதவு முன்பக்கம் இருக்கட்டும். இவை பெட்டியின் மேல்மூலையில்தான் பட்டு வீடு கட்டும். மேல்மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதன் வீட்டைக் கிழிக்க வேண்டிவரும்.

12. நம்மூரில் முறையான தாளோடு யாராவது வைத்திருந்தால், அவர்களுக்கு முதல் எதிரி வெயில். 24 முதல் 28 டிகிரி வரை இவற்றுக்கு இதமான வெப்பம். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை நாற்பதைத் தொடும். பெட்டிக்குள் அதைவிடக் கூடும். ஜன்னலோரம் ஆகாது, தரையோரம், சுவர் குளிர்ந்திருக்கும் அறையில் வையுங்கள்.

இரண்டாவது எதிரி வீட்டிலேயே இருக்கும் மருந்துகள். கொசுவத்திச் சுருள், பிளக்கில் மாட்டும் கொசு மருந்து, எறும்புக்குப் போடும் சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே எல்லாமே சிலந்தியைக் கொல்லும். பூச்சியைக் கொல்லும் மருந்துக்குச் சிலந்தி என்று தனிக் கணக்கு இல்லை. மருந்து தொட்ட கையால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாலும் ஆபத்துதான். தக்காளிக்கும் மாமரத்துக்கும் மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து, துணி மாற்றிய பிறகே பெட்டிப் பக்கம் போக வேண்டும்.

13. இரை வாரம் ஒருமுறை போதும். சிலந்தியின் வயிற்றைவிடச் சிறிய பாச்சை, வெட்டுக்கிளி போன்றவை. வீட்டுக் கரப்பானையும் வயல் வெட்டுக்கிளியையும் பிடித்துப் போடாதீர்கள், அவை எங்கே மருந்து தின்று வந்தனவோ தெரியாது. எறும்பு ஏறாமலிருக்க, பலகாரப் பாத்திரத்துக்குப் பாட்டி செய்வதைப் போலவே, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு மேடை போட்டு அதன்மேல் பெட்டியை வையுங்கள். இந்த ஒரு காரியம் பல சிலந்திகளைக் காப்பாற்றியிருக்கிறது.

14. சில வாரம் சாப்பிடாமல், நிறம் மங்கி, பட்டு வீட்டை மூடிக்கொண்டால் நோய் என்று பயப்பட வேண்டாம். சட்டை உரிக்கப் போகிறது. மல்லாந்தோ பக்கவாட்டிலோ படுத்து உரிக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் பெட்டிக்குள் உயிரோடு பாச்சை இருக்கக் கூடாது. மெத்தென்றிருக்கும் சிலந்தியைப் பாச்சையே கடித்துக் குதறிவிடும். உரித்து முடித்து ஒரு வாரம் கழித்துத்தான் இரை.

15. கடித்துவிட்டால்: சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம் வளையலைக் கழற்றி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். பொசிலோதீரியா கடியைப் பற்றி 2014-ல் வெளியான மருத்துவ ஆய்வு, வலி வீக்கத்தோடு நிற்காமல் சில மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு வரலாம், அது பல நாள் விட்டுவிட்டு வரலாம் என்று பதிவு செய்திருக்கிறது. இதற்கென்று முறிமருந்து இல்லை. பிடிப்புக்கும் வலிக்கும்தான் சிகிச்சை. ஆகவே கடித்த அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், மறுநாள் பிடிப்பு வந்தால் மறுபடி போய், எது கடித்தது என்பதைச் சொல்லுங்கள். இருட்டில் கடித்தது எது என்று தெரியாவிட்டால் பாம்புக்கடி என்றே கொண்டு 108-ஐ அழையுங்கள்.

16. மரச்சிலந்தி வீட்டுக்குள் வந்துவிட்டால் செருப்பைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அது துணை தேடி அலையும் ஆணாக இருக்கும். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையைச் சுவரை ஒட்டி மெல்ல உள்ளே தள்ளி, அட்டையோடு எடுத்து, பக்கத்துப் பழைய மரத்தின் தண்டில் மாலையில் விடுங்கள். டப்பா சிறியதாக இருந்தால் கால் நசுங்கும், பெரியதாகவே பாருங்கள்.

ஒரே பழைய கட்டடத்தில் அடிக்கடி தென்பட்டால், சுற்றுவட்டாரத்தில் மரம் குறைந்துவிட்டதா என்று யோசியுங்கள். 2012-ல் அறிவிக்கப்பட்ட இலங்கையின் பொசிலோதீரியா ராஜேயியை ஆய்வாளர்கள் மாங்குளம் மருத்துவமனையின் பாழடைந்த மருத்துவர் விடுதியிலும் கண்டார்கள். பொந்துள்ள பழைய மரங்கள் குறையக் குறைய, அவை இப்படிச் சுவர்களைத் தேடி வருகின்றன.

17. மரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சிலந்தியை வளர்ப்பது. பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். தேனெடுக்கத் தீ வைக்காதீர்கள். காய்ந்த கிளையெல்லாம் விறகு என்று கழிக்காதீர்கள். மனிதருக்கு ஆபத்தில்லாத உயரத்தில் ஒன்றிரண்டு உளுத்த கிளைகள் நிற்கட்டும். ராமேசுவரத்தில் 2004-ல் விவரிக்கப்பட்ட ஹனுமவிலாசுமிக்கா என்ற இனம், ஒரு கோயில் தோப்பின் மரங்களை அண்டியே பிழைத்திருந்தது. நம் ஊர்களில் முனியப்பன், மாரியம்மன் பேரில் நிற்கும் புளிகளுக்கும் அந்த மதிப்பு உண்டு. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். சாலை அகலப்படுத்த மரத்தையே வெட்ட ஏலம் வரும்போது, பொந்துள்ள மரங்களின் படத்தோடு வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் மனு கொடுங்கள்.

18. படம் எடுத்தால் இடத்தை வெளியிடாதீர்கள். ஊர் பெயர், கோயில் பெயர், லொகேஷன் எதையும் வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் போட வேண்டாம். பிடித்து விற்பவர்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏற்றுங்கள். தென்னாசிய டாரன்டுலாக்களின் நிலையைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டுவரும் சஞ்சய் மோளூர், மஞ்சு சிலிவால் போன்ற ஆய்வாளர்களுக்கு, இன்ன மாதம் இன்ன மரத்தில் குஞ்சுகளோடு இருந்தது என்ற உள்ளூர்க் குறிப்புதான் வேண்டும். ஒரு நோட்டு போட்டுத் தேதி, மரம், மழை பெய்ததா இல்லையா, வெளியே வந்த நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். காடையாம்பட்டியில் கிடைத்த அந்தச் சிலந்தி தொப்பூருக்கு இந்தப் பக்கம் எத்தனை மரங்களில் இருக்கிறது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள்தான் எழுதித் தர முடியும்.